மலைக் காய்ச்சலும் மஞ்சள் கண்ணும்

ஜவ்வாது மலையிலுள்ள பங்கு ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் நமக்கு நீண்ட மடல் எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணன் ஆடு மாடு வைத்துச் சாமை பயிரிட்டு வாழ்ந்தவர். நாற்பது வயது நிரம்பாதவர். கார்த்திகை மழையில் அவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. நான்கு நாள் கைவைத்தியம் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் கண் மஞ்சளாகவே, காமாலை என்று துணிந்து பச்சிலை கொடுத்துப் பத்தியம் வைத்தார்கள். எட்டாம் நாள் சிறுநீர் அருகிப் போனபின் மலையிறக்கி ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே, "இது எலிக் காய்ச்சல், தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும்" என்று கூறினார்களாம். 'டயாலிசிஸ் ஒருமுறை தொடங்கினால் ஆயுள் முழுதும் விடமுடியாது' என்று வாசலில் நின்ற எவரோ சொல்லக் கேட்டு, வீட்டார் அஞ்சிக் கையொப்பமிட்டு அவரைத் திரும்ப அழைத்துச் சென்றனர். மூன்றாம் நாள் அவர் மூச்சுத் திணறி இறந்தார். "அந்த இயந்திரத்தில் வைத்திருந்தால் என் அண்ணன் பிழைத்திருப்பாரா? பிழைத்தாலும் வாழ்நாளெல்லாம் அதிலேதான் கிடந்திருப்பாரா?" என்று அம்மடல் முடிகிறது.

முதற் கேள்விக்கு எவராலும் உறுதியாக விடை கூற இயலாது. அந்தக் குடும்பத்தார்மீது பழி சுமத்தவும் நமக்கு மனமில்லை. அறிந்த அளவைக் கொண்டு அன்பினால் முடிவெடுத்தவர்கள் அவர்கள். இரண்டாம் கேள்விக்கு மட்டும் தெளிவான விடை உண்டு. எலிக் காய்ச்சலில் செயலிழக்கும் சிறுநீரகம் பெரும்பாலும் மீண்டும் இயங்கத் தொடங்கும். சர்க்கரை நோயாலும் இரத்த அழுத்தத்தாலும் ஆண்டுக்கணக்கில் தேய்ந்துபோன சிறுநீரகத்தின் கதை வேறு, நேற்றுவரை நன்றாயிருந்து ஒரு கிருமியால் திடீரென நின்றுபோன சிறுநீரகத்தின் கதை வேறு. முன்னதற்கு இயந்திரம் நிரந்தரத் துணை. பின்னதற்கோ அது சில நாட்களுக்கு, மிஞ்சினால் சில வாரங்களுக்கு மட்டுமே வேண்டிய ஊன்றுகோல். இந்த வேறுபாட்டை அறியாமையால் மருத்துவமனை வாசலிலிருந்து திரும்பும் உயிர்களை எண்ணித்தான் இம்மாதம் இப்பகுதியை முழுவதும் இந்நோய்க்கே ஒதுக்குகிறோம்.

எலிக் காய்ச்சல் என்ற பெயரே சற்று ஏமாற்றும் பெயர். "எங்கள் வீட்டில் எலியே கிடையாது" என்று பலர் மறுத்துவிடுகின்றனர். எலியின் சிறுநீரகத்தில் இக்கிருமி நீண்டகாலம் குடியிருக்கும்; எலிக்கு ஒரு கேடும் வாராது. அதன் சிறுநீரோடு வெளிப்பட்டுச் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். மாடு, பன்றி, நாய், ஆடு முதலியனவும் இவ்வாறே அதனைச் சுமக்கக் கூடும். எலி கடிக்க வேண்டுவதில்லை. வெறுங்காலோடு கழனியிலோ தொழுவத்திலோ நிற்கும்போது, காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவோ நெடுநேரம் நீரில் ஊறி மென்மையான தோல் வழியாகவோ அது உள்ளே புகுந்துவிடும். கண், வாய், மூக்கு வழியும் புகலாம். காய்ச்சல் காண்பது பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்துத்தான். அதற்குள் எந்தச் சேற்றில் நின்றோம் என்பதே நமக்கு மறந்துபோயிருக்கும்.

இக்கிருமி நூலினும் மெல்லிய சுருள். அதன் முனை கொக்கிபோல் வளைந்து கேள்விக்குறியை ஒத்திருப்பதால் அறிஞர்கள் அதற்குக் கேள்வி கேட்பது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லையே பெயராக்கினர். மருத்துவர்களை அது கேட்ட கேள்விக்கு விடை காண நெடுங்காலமாயிற்று. 1886-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் அடோல்ஃப் வைல் என்ற மருத்துவர், காய்ச்சலோடு காமாலையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து வரும் ஒரு நோயை விவரித்து எழுதினார். கடுமையான எலிக் காய்ச்சலை 'வைல் நோய்' என்று இன்றும் வழங்குவது அதனால்தான். 1915-இல் ஜப்பானில் இனாடா, இடோ என்னும் இரு மருத்துவர்கள் கியூஷுத் தீவின் சுரங்கத் தொழிலாளரிடையே பரவிய காய்ச்சலை ஆராய்ந்து கிருமியைக் கண்டுபிடித்தனர். ஈரச் சுரங்கம், எலி, வெறுங்கால் ஆகிய மூன்றும் அங்கே கூடியிருந்தன.

நம் நாட்டிலும் இதே மறதியும் மறுகண்டுபிடிப்பும் நிகழ்ந்துள்ளன. அந்தமானில் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே இந்நோய் இருப்பது மருத்துவ நூல்களில் பதிவாகிவிட்டது. எனினும் 1988 முதல் அத்தீவுகளில் மழைக்குப் பின் மக்கள் இரத்தம் இருமி இறக்கத் தொடங்கியபோது, அதனை ஒரு மர்ம நோயாகக் கருதி 'அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்றே அழைத்தனர். பின்னர் போர்ட் பிளேரில் நடந்த ஆய்வுகளே அது எலிக் காய்ச்சல்தான் என்று நிலைநாட்டின. சென்னையிலும் 1990-களில் முத்துசேதுபதி, சிவகுமார் முதலிய மருத்துவர்கள், மழைக்காலத்தில் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்போடு வருவோரில் எலிக் காய்ச்சல்காரர் கணிசமாக இருப்பதைக் கண்டு ஆய்வுக் கட்டுரைகள் எழுதினர். உலக அளவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாகி, 59,000 பேர்வரை இறப்பதாக 2015-இல் வெளியான ஒரு கணிப்புக் கூறுகிறது.

இனி நம் மலைக்கு வருவோம். ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. 80 கிலோமீட்டர் நீளமும் 32 கிலோமீட்டர் அகலமும் கொண்டு, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. செய்யாறு பிறப்பது இங்கேதான். ஜமுனாமரத்தூரைச் சுற்றிய சிற்றூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் நெல்லும் விளைவிக்கிறார்கள். புளியும் பலாவும் தேனும் சேர்க்கிறார்கள். வீட்டையொட்டியே தொழுவமும் தானியக் குதிரும் இருக்கும். குதிர் இருக்குமிடத்தில் எலி இல்லாமற் போகுமா? மழை பிடித்தால் முற்றம் முதல் கழனிவரை ஒரே சேறு.

எனினும் மலையில் வரும் காய்ச்சலெல்லாம் எலிக் காய்ச்சல் என்று கொள்ளுவதும் பிழையே. மலையடிவாரத்து வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், இன்ன காய்ச்சல் என்று புறக்குறியால் தெரியாத நிலையில் சேர்க்கப்பட்ட 398 பேரை ஆராய்ந்து 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இருந்தது உண்ணிக் காய்ச்சல். புதரில் வாழும் மிகச் சிறு பூச்சியின் கடியால் வருவது அது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போன்ற கரிய புண் காணப்படலாம். நூற்றுக்குப் பதினேழு பேருக்கு மலேரியா. டைபாய்டும் டெங்கும் ஏழெட்டுப் பேருக்கு. எலிக் காய்ச்சல் நூற்றுக்கு மூன்று பேருக்கே இருந்தது. மூன்று என்பது சிறு எண்தான். ஆனால் தொடக்கத்தில் இவை அனைத்தும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். இதில் ஓர் ஆறுதலும் உண்டு. டாக்சிசைக்ளின் என்னும் மலிவான மாத்திரை உண்ணிக் காய்ச்சலுக்கும் எலிக் காய்ச்சலுக்கும் ஒருங்கே மருந்தாகும். எனவே இரண்டில் எது என்று முடிவாகும் முன்னரே மருத்துவர் அதனைத் தொடங்கிவிடலாம். எலிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனை முதல் ஐந்தாறு நாட்களில் 'இல்லை' என்றே காட்டக் கூடும். நோயை எதிர்க்கும் பொருள் இரத்தத்தில் உருவாக அத்தனை நாள் ஆகிறது. ஆகவே, 'பரிசோதனையில் ஒன்றுமில்லை' என்று சீட்டை மடித்து வைத்துவிட்டு நிம்மதி கொள்ளலாகாது.

எலிக் காய்ச்சலை ஐயுறுவதற்குச் சில குறிகள் உண்டு. காய்ச்சலும் தலைவலியும் திடீரென வரும். கெண்டைக்கால் தசை தொட்டாலே நோகும்; நடக்கச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். கண் சிவந்திருக்கும், ஆனால் பீளை இராது. இம்மூன்றும் அண்மையில் சேற்றிலோ தொழுவத்திலோ வேலை செய்தவருக்கு வந்தால், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். பலருக்கு நோய் இந்த அளவிலேயே தணிந்துவிடும். சிலருக்கோ, காய்ச்சல் சற்றே விட்டு, 'தேறிவிட்டார்' என்று வீடு மகிழும் வேளையில் இரண்டாம் கட்டம் தொடங்கும். கண் மஞ்சளாகும், சிறுநீர் குறையும், மூச்சு வாங்கும், சளியில் இரத்தம் தென்படும்.

இங்கேதான் பச்சிலையைப் பற்றி ஒரு வார்த்தை. கீழாநெல்லியை நாம் இகழவில்லை. சாதாரணக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிவது. அதனால் எந்த இலையைக் கொடுத்தாலும் இலைக்கே பெயர் கிடைத்துவிடுகிறது. அக்காமாலையில் கண் மஞ்சளாகும் நேரத்தில் காய்ச்சல் விட்டிருக்கும். கண்ணும் மஞ்சளாகி, காய்ச்சலும் தொடர்ந்து, காலும் நொந்து, சிறுநீரும் குறைந்தால் அது இலைக்கு அடங்கும் காமாலையன்று. பத்தியம் இருந்து பார்ப்போம் என்று கழிக்கும் மூன்று நாளும் சிறுநீரகத்தின் கணக்கிலிருந்து கழிகின்றன. உடல்வலிக்குப் போடும் ஊசிகளும் அப்படியே. வலி உடனே இறங்குவதால் மக்கள் அவற்றைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அவற்றிற் பல, ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்தை மேலும் நலியச் செய்பவை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் அளவோடு போதும்.

மலையிறங்குவது எளிதன்று என்பதை நாம் அறிவோம். 2023 மே மாதத்தில் வேலூர் மாவட்டத்தின் அல்லேரி மலைக் குக்கிராமம் ஒன்றில் பாம்பு கடித்த குழந்தை, உரிய சாலை இல்லாமையால் மருத்துவமனை சேருமுன்பே இறந்ததையும், உடலை வீடு சேர்க்கத் தாய் நடந்தே மலையேற நேர்ந்ததையும் நாடே செய்தித்தாளில் படித்தது. டோலி கட்டி நோயாளியைச் சுமக்கும் ஊர்கள் இன்னும் உண்டு. அதனாலேயே, சுமக்க வேண்டிய நிலை வரும்வரை காத்திராமல், நடக்க முடிகிற மூன்றாம் நாளே புறப்படுவது மலைவாழ் குடும்பங்களுக்கு மற்றவரினும் இன்றியமையாதது. காய்ச்சல் கண்ட செய்தி முதலில் எட்டுவது பெரும்பாலும் உபதேசியார் செவிக்கோ கன்னியர் மருந்தகத்திற்கோதான். எந்த நாளில் காய்ச்சல் தொடங்கியது, கடைசியாக எப்போது எவ்வளவு சிறுநீர் கழிந்தது, என்ன மருந்து கொடுத்தார்கள் என்னும் மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையில் கொடுத்தனுப்பினால், கீழேயுள்ள மருத்துவருக்கு அது பெரும் உதவியாகும்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்குப் பின்னே என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே கூறுவோம். வெளியே அமர்ந்திருப்போரின் அச்சத்துக்குப் பாதிக் காரணம் அந்தக் கதவுதான்.

கிருமியைக் கொல்லும் வேலை அங்கே மிக எளியது. பெனிசிலின் 15 இலட்சம் யூனிட் ஆறு மணிக்கொருமுறை நரம்பு வழியாக, அல்லது செஃப்ட்ரியாக்சோன் நாள்தோறும். ஏறத்தாழ ஏழு நாட்கள். இவை விலை மிகுந்தவையல்ல. முதல் ஊசி போட்ட சில மணி நேரத்தில் சிலருக்கு உடல் உதறிக் காய்ச்சல் ஏறும். இரத்த அழுத்தமும் தாழலாம். கொல்லப்பட்ட கிருமிகள் ஒருசேர இரத்தத்தில் கலப்பதன் விளைவு அது. 'ஊசி ஒத்துக்கொள்ளவில்லை' என்று வீட்டார் கலங்குவதுண்டு. மருத்துவர் இதனை எதிர்பார்த்தே அருகில் இருக்கிறார். மருந்தை நிறுத்தச் சொல்லக் கூடாது.

கடினமான வேலை வேறு. கிருமி அழிந்தபின்னும் அது புண்படுத்திச் சென்ற உறுப்புகள் ஆற நாள் ஆகும். அதுவரை அவற்றின் வேலையைக் கருவிகளும் செவிலியரும் செய்துகொடுக்க வேண்டும். சிறுநீரகம் நின்றால் கழுத்திலோ தொடையிலோ உள்ள பெரிய நரம்பில் குழாய் பொருத்தி இரத்தத்தைச் சுத்திகரிக்கிறார்கள். இதனை எப்போது தொடங்குவது என்பது மிக முக்கியம். பிரேசில் நாட்டில் 33 நோயாளிகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவு நம் கருத்தில் நிற்க வேண்டியது. சுத்திகரிப்பைத் தாமதித்து, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தபோது மூவரில் இருவர் இறந்தனர். வந்தவுடனே தொடங்கி நாள்தோறும் செய்தபோது ஆறில் ஒருவரே இறந்தார். எனவே மருத்துவர் 'இன்றே' என்று அவசரப்படுத்தினால் அதில் உள்நோக்கம் தேடவேண்டாம்.

இந்நோய்ச் சிறுநீரகத்திற்கு ஒரு விநோதமும் உண்டு. சாதாரணமாகச் சிறுநீரகம் நின்றால் இரத்தத்தில் பொட்டாசியம் என்னும் உப்பு ஏறும். எலிக் காய்ச்சலிலோ அது பல வேளைகளில் குறைந்துபோகிறது. குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். ஒரு நாளிலேயே பலமுறை இரத்தம் எடுப்பது இதனைக் கண்காணிக்கத்தான். "இருக்கிற இரத்தத்தையெல்லாம் எடுத்துவிடுகிறார்கள்" என்ற முறையீட்டை எந்த மருத்துவமனை வராந்தாவிலும் கேட்கலாம். ஒவ்வொரு முறையும் எடுப்பது சில மில்லிலிட்டரே.

நுரையீரலைத் தாக்கும்போதுதான் இந்நோய் மிகக் கொடியதாகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து, காற்று நிரம்ப வேண்டிய அறைகளில் இரத்தம் நிரம்பும். இந்நிலை முற்றியவர்களில் பாதிப்பேர்வரை இறக்க நேர்கிறது. இதை மறைப்பதில் பயனில்லை. அப்போது மூச்சுக்குழலில் குழாய் இட்டுச் செயற்கைச் சுவாசக் கருவியோடு இணைப்பார்கள். புண்பட்ட நுரையீரலை ஊதி விரித்தால் அது மேலும் கிழியுமாதலால், உடல் எடைக் கணக்கில் கிலோவுக்கு ஏறக்குறைய 6 மில்லிலிட்டர் என்று சிறு சிறு மூச்சாகவே கருவி செலுத்தும். குழாய் தொண்டையில் இருப்பதால் நோயாளி பேசமாட்டார். துன்பம் தெரியாதிருக்க உறங்கவும் வைத்திருப்பார்கள். பேசாமற் கிடப்பவரைக் கண்டு, 'உயிர் போய்விட்டது, இயந்திரந்தான் ஓடுகிறது' என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் பலர். அந்த உறக்கம் மருந்தால் வந்த உறக்கம். நுரையீரல் தேறத் தேற மருந்தைக் குறைத்து எழுப்பிவிடுவார்கள்.

'இரண்டு பாட்டில் தண்ணீர் ஏற்றக்கூடாதா?' என்பது நம் மக்களின் வழக்கமான வேண்டுகோள். இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தால் மருத்துவர் ஏற்றத்தான் செய்வார். ஆனால் சிறுநீர் பிரியாதவருக்கு ஏற்றும் நீர் நுரையீரலிலே போய்த் தங்கும். அளந்து அளந்து கொடுப்பதும், நீருக்குப் பதிலாக இரத்தக் குழாயை இறுக்கும் மருந்தைச் சொட்டு விடுவதும் கஞ்சத்தனத்தால் அல்ல.

செலவைப் பற்றிப் பேசாமல் இவற்றையெல்லாம் பேசுவது முறையாகாது. கடன் வாங்கிக் கால்நடையை விற்றுச் சிகிச்சை பார்த்து, பணம் தீர்ந்த நாளில் நோயாளியை இறக்கிக்கொண்டு வரும் குடும்பங்களை நாம் அறிவோம். வேலூர் அடுக்கம்பாறையிலும் திருவண்ணாமலையிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சையும் இரத்தச் சுத்திகரிப்பும் கட்டணமின்றிக் கிடைக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், அத்திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளில் அதற்குள் அடங்கும் சிகிச்சைகளையும் பெறலாம். மலையூர்களில் அட்டை எடுக்காத குடும்பங்கள் இன்னும் இருக்கக்கூடும். குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் தேடி அலைய வேண்டிய அந்த வேலையை நோய் வந்தபின் செய்ய நேரமிராது. பங்கில் படித்த இளைஞர் இருவர் முன்வந்தால் ஒரு கோடைக்குள் ஊர் முழுவதற்கும் முடித்துவிடலாம். எங்கே செல்வதானாலும் 108 வண்டியை அழைக்கும்போதே, டயாலிசிஸ் வசதியுள்ள இடத்திற்குக் கொண்டுசெல்லுமாறு கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதில் போகும் பாதி நாளை அது மிச்சப்படுத்தும்.

காப்பு முறைகள் பலரும் அறிந்தவையே. தொழுவம் கூட்டும்போதும் சேற்றில் இறங்கும்போதும் முழங்கால் அளவு ரப்பர்க் காலணி, காலில் புண் இருந்தால் நீர் புகாத கட்டு, கொதிக்கவைத்த குடிநீர், குதிருக்கு எலி நுழையாத மூடி. 2018 ஆகஸ்டு வெள்ளத்திற்குப் பின் கேரளத்தில், துப்புரவுப் பணியில் இறங்கியோர்க்கு வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் கொடுத்தார்கள். வெள்ளக் காலத்துக்குரிய அந்த ஏற்பாட்டை மருத்துவர் சொல்லின்றி நாமே பின்பற்றலாகாது. கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அம்மாத்திரை பொதுவாக விலக்கு.

தேறுகின்ற நோயாளியிடம் முதலில் தெரியும் நல்ல குறி சிறுநீரே. நின்றிருந்தது மெல்லத் திரும்பி, பின்பு சில நாட்களுக்கு நாளொன்றுக்கு மூன்று, நான்கு லிட்டர் என்று பெருகுவதுண்டு. அதுவும் ஒரு நோய் என்று அஞ்சவேண்டாம். வெளியேறும் நீருக்கும் உப்புக்கும் ஈடுகொடுத்து வந்தால் போதும். இரத்தப் பரிசோதனை எண்கள் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், பழைய நிலையை எட்டும். அதுவரை மருத்துவர் குறித்த நாட்களில் தவறாமல் மலையிறங்கிக் காட்டிவர வேண்டும். கண்ணின் மஞ்சளும் மெல்லவே மறையும். நோயாளி வீடு திரும்பிச் சோறு உண்டு நடமாடத் தொடங்கிய பின்னும் இரண்டு மூன்று வாரம் அது தங்கியிருக்கக் கூடும். அதைக் கண்டு மீண்டும் பச்சிலை அரைக்கத் தொடங்க வேண்டியதில்லை.